ஒரே வீட்டுக்குள் ஒரு தபால்

தென்காசி தபாலாபீசு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தலைப்பாகைக்காரர், பக்கத்துக் குடைக்காரரிடம் சொன்னார்: "என் வீட்டுக்கே தபால் போட வந்திருக்கேன்வே."

"உம்ம வீட்டுக்கா? நடந்துபோய்ச் சொல்லப்படாதா?"

"நான் எழுதல. மருமக எழுதி, 'மாமா, போட்டுருங்க'ன்னு தந்தா. என் மகனுக்கு."

"அவன் ஊர்ல இல்லையோ?"

"காலையில என்கூட உக்காந்துதான் பழையது சாப்பிட்டான். எங்க முன்னால பேசிக்கிட வெக்கமாம். போன வாரம் அவன் அவளுக்குப் போட்டான், இப்ப இவ பதில் போடுதா. எனக்கு ஒண்ணும் பிடிபடல."

எனக்கும் போன மாதம்தான் மருமகள் வந்திருந்தாள். வெளியே குளுகுளுவென்று சாரல். நான் காதைத் தீட்டிக்கொண்டு இன்னும் ஓர் அடி நெருங்கி நின்றேன்.

குடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "தனிக்குடித்தனத்துக்குத் திட்டம் போடுதாவளோ என்னமோ. பிரிச்சுப் பாரும்."

"அந்தப் பயந்தான்வே எனக்கும். ஆனா அடுத்தவுக தபாலைப் பிரிக்கலாமா?"

"அப்ப மகன்கிட்டயே கேளும்."

"நேர்ல கேட்டா சண்டையில்லா வரும்!"

அவர் முறை வந்தது. மருமகளின் கடிதத்துக்குத் தபால்தலை வாங்கி, நாக்கில் நனைத்து ஒட்டினார். பிறகு சன்னலில் குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"இன்னொரு கவர் தாங்கய்யா, மகனுக்கு எழுதணும். கார்டு வேண்டாம், மருமக படிச்சிருவா."