திரும்பிப் போகாதவள்

பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களைக் கரிப்புகையில் ஓட்டிய யுத்த காலம். கம்பத்திலிருந்து தேவதானப்பட்டிக்குப் போகும் கரி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் மகளும். மகளின் மடியில் அட்டை கிழிந்த நாவல். புறங்கையில் ஆறாத சூட்டுக் காயம். பெரியகுளம் தாண்டியதும் தாய் வெடித்தாள்.

"அந்தக் கதையில வர்ற பொண்ணு புருசன் வீட்டுக்குத் திரும்பவே இல்லையாமேடி! காலையில டீச்சரம்மா சொன்னாக. எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு முடிவை மாத்தியா படிச்ச?"

"நெசத்தைப் படிச்சா புஸ்தகத்தை அடுப்புல போட்ருவியோன்னு பயந்தேன் ஆத்தா."

"அடிப் பாவி! அவ திரும்பிப் போயிட்டான்னு நீ படிச்ச அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. அம்புட்டுப் படிச்சவளுக்கே வேற வழியில்லேன்னுதானே, சூடு வச்சவன் வீட்டுல உன்னையக் கொண்டுபோயி விடப் போறேன்! நெசத்துல அவ என்னதான் செஞ்சா?"

"தனியா வீடு பிடிச்சு, பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லிக் குடுக்குறா."

தாய் எழுந்து பஸ்ஸின் கூரையை ஓங்கித் தட்டினாள்.

"தேவதானப்பட்டி இன்னும் வரலையேம்மா" என்றார் கண்டக்டர்.

"அந்த ஊரு எங்களுக்கு வரவே வேணாம். வண்டிய இங்கனயே நிறுத்துய்யா!"