ரெண்டு சுவிட்சும் ஒண்ணா ஓடினப்போ

— ரிப்போர்ட்ல என் பேரை மட்டும் எழுதுங்க பெக்துர். பிஷ்கெக்குல உட்கார்ந்து அந்தப் பூஜ்யத்தைப் போட்டது நான்தான்.

— இருங்க அசில்குல் அக்கா. பனிச்சரிவுல கேபிள் அறுந்தது இங்க மலையில, நாரின் பக்கம். பனிக்கும் நீங்கதான் பொறுப்பா?

— விளையாடாதீங்க. கேபிள் அறுந்ததும் உங்க ஃபைபர் சுவிட்ச் கண் இமைக்கிறதுக்குள்ள மாத்துக் கேபிளுக்குத் தாவிடுச்சு. அதோட முடிஞ்சிருக்கணும். அதுக்கு மேலடுக்குல ஓடுற என் டேட்டா சுவிட்ச் சும்மா இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சே இருக்காது.

— அது சும்மா இருக்கலையே.

— எப்படி இருக்கும்? காத்திருக்கிற நேரம் பூஜ்யம்னு வெச்சா, அதுவும் உடனே வேற வழி தேடி ஓடும். உங்க வழி சரியானதைப் பார்த்துத் திரும்பி வந்து, மறுபடி ஓடி… நாலு நிமிஷம் கோக்தால் கிராமத்துக் கிளினிக்குக்கு ஃபோனே இல்ல.

— பாருங்கக்கா, ஒண்ணு கேட்கிறேன். ஏன் பூஜ்யம் வெச்சீங்க?

— நம்பிக்கை இல்ல.

— சுவிட்ச் மேலயா, என் மேலயா?

— உங்க மேலதான். போன மார்ச்ல மாத்துக் கேபிள் செத்துக் கிடந்துச்சு. ‘சோதிச்சுட்டேன்’னு சொன்னீங்க. சோதிக்கல. கீழ என்ன நடந்தாலும் என் சுவிட்ச் காத்திருக்கக் கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லவும் இல்ல.

— குதிரை கிடைக்கல, மலை மேல போக முடியலன்னு அப்போ சாக்கு சொன்னேன். அடுப்போரமா பொரிச்ச போர்சோக் ரொட்டி தின்னுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்கா. நேத்து முழுக்க மனசுக்குள்ள உங்களைத் திட்டித் தீர்த்துட்டேன். இப்போ யாரைத் திட்டுறதுன்னே தெரியல. என் பேரையும் சேர்த்துதான் எழுதணும்.

— அந்த நேரத்துல நர்ஸ் ஒரு பிரசவத்துக்கு டாக்டர்கிட்ட ஃபோன்ல யோசனை கேட்டுக்கிட்டு இருந்தாங்களாம். கணவாய் பனியில மூடிக் கிடக்கு, ஆம்புலன்ஸும் போகாது. அந்தப் பொண்ணு என்ன ஆச்சுன்னு கேட்க எனக்குத் தைரியம் வரல.

— முதல்ல அந்தப் பூஜ்யத்தை மாத்துங்க. அழுறதுக்கு சாயந்திரம் வரைக்கும் நேரம் இருக்கு.

— நான் ஒண்ணும் அழல.

— மூக்கை உறிஞ்சுறது இங்க வரைக்கும் கேட்குது. எவ்வளவு வெச்சீங்க?

— செகண்டுல பத்துல ஒரு பங்கு. உங்க சுவிட்சுக்கு அதுல பாதி போதும்ல?

— தாராளமா போதும். அறுந்ததைக் காலையில ஒட்டியாச்சு. இந்தத் தடவை நெஜமாவே சோதிப்போம். மொபைலை ஒரு காதுல வெச்சுக்கிட்டு, கிளினிக் லைனை இன்னொரு காதுல போடுங்க. எண்ணிக்கிட்டே இருக்கச் சொல்லி அங்க ஒரு ஆளை உட்கார வெச்சிருக்கேன்.

— கேட்குது. ஒரு பொம்பளைக் குரல். பதினொண்ணு, பன்னெண்டு… ரொம்ப மெதுவா எண்ணுறாங்க.

— மெயின் கேபிளைப் பிடுங்கப் போறேன். ஒரு எண் விட்டுப்போனாலும் சொல்லுங்க.

— இருங்க… சரி. பிடுங்குங்க.

— பிடுங்கிட்டேன்.

— பத்தொம்பது. இருபது. இருபத்தொண்ணு… விட்டுப்போகல பெக்துர்! உங்க சுவிட்ச் தாவிடுச்சு, என்னோடது அசையவே இல்ல!

— அப்பாடா.

— ஒரு நிமிஷம்… எண்ணுறதை நிறுத்திட்டாங்க. ஏதோ சத்தம்… கைக்குழந்தை அழுகுது. யாருங்க அங்க?

— என் தங்கச்சிக்கா. நேத்து அந்த நாலு நிமிஷமும் பிரசவ வலியில கிடந்தவ.