டொக்டர் திரும்பி வருவாரா

"வரியைக் குறைச்சா டொக்டர் திரும்பி வருவாராக்கா?"

தன்னாமுனை தாண்டிய பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த பெண் பக்கத்து சீற்றில் இருந்தவரிடம் கேட்டாள். அவள் மடியில் வைத்தியக் குறிப்புகள் எழுதிய கிளினிக் கொப்பி இருந்தது.

"எந்த டொக்டர் புள்ள?"

"மகன்ட இதய ஒப்பரேசனுக்கு நாள் குறிச்சவர். சம்பளத்தில வரி கூடிப்போச்செண்டு வெளிநாட்டுக்குப் போயிட்டாராம். புது நாள் கேக்கத்தான் போறன்."

"வரியைக் குறைச்சா ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்க அரசாங்கத்திட்டக் காசு இரிக்குமா?"

"அதுவும் பயமாத்தான் இரிக்கு."

ஆஸ்பத்திரிக்கு முன்னால் பஸ் நின்றது. அவள் எழும்பவில்லை.

"இறங்கல்லயா?"

"வேற டொக்டர் இல்லையெண்டு சொல்லிட்டாங்களெண்டா நான் என்னக்கா செய்வன்?"

சந்தைக்கு டிக்கெட் எடுத்திருந்த அந்த அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்.

"வா, நானும் வாறன். ரெண்டு பேருமாப் போய்க் கேப்பம்."