எதிர்க்கட்சிக்குப் பின்பாட்டு

மலைச்சரிவில் இறங்கி வந்த களைப்பை மறந்து, மழைத் தூறலை மதியாமல், இந்த நோர்வூட் மைதானம் கொள்ளாமல் திரண்டிருக்கும் என் மக்களே!

இரண்டு தொழிற்சங்கங்களையும் காதைப் பிடித்து இழுத்து வந்து ஒரே மேடையில் உட்காரவைத்த பெருமைக்குரியவர், இக்கூட்டத்தின் தலைவர், வெள்ளைக்கல் தேயிலைத் தோட்டத்து மாதர் குழுவின் அம்மாக்கண்ணு அக்கா அவர்களே! மேடையின் வலது கோடியில் வீற்றிருக்கும் மஞ்சள் கொடிச் சங்கத்தின் தலைவர், பண்ணோடு பிறந்த அழகுமுத்து அவர்களே! இடது கோடியில், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வீற்றிருக்கும் சிவப்புக் கொடிச் சங்கத்தின் செயலாளர், தாளத்தோடு பிறந்த செல்லசாமி அவர்களே! இருவருக்கும் நடுவே யாரும் உட்காரத் துணியாத காலி நாற்காலிகளே!

முன்வரிசையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு குந்தியிருக்கும் பெரியவர்களே! கூடையை இறக்கிய கையோடு குழந்தையைத் தூக்கி இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கைகளுக்குச் சொந்தக்காரர்களே! கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் ஹசன் நானா முதலான வியாபாரப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் என் அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்!

நான் பேச்சாளன் அல்லன். தையல்காரன். முனாப் என்றால் இந்த ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. டைலர் நானா என்றால் தெரியாதவர் இல்லை. இங்கே பறக்கிற சிவப்புக் கொடியை யார் தைத்தது? நான்! அங்கே பறக்கிற மஞ்சள் கொடியை யார் தைத்தது? அதுவும் நான்! மெஷின் ஒன்று, ஊசி ஒன்று, மிதித்த கால் ஒன்று. நூலை மட்டும்தான் மாற்றினேன். என்ன, அங்கே ஒருவர் சிரிக்கிறார்? சிரியுங்கள் ஐயா, சிரித்து முடித்துவிட்டு நான் சொல்வதைக் கேளுங்கள்.

எதற்காகக் கூடினோம்? பொன்னாடை போர்த்தவா? பூமாலை சூட்டவா? இல்லை! அதோ, தாய்மார்கள் நடுவே கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாளே வீரம்மா, அவளுக்காகக் கூடினோம். எழுந்து நில்லம்மா. பயப்படாதே, எல்லாரும் பார்க்கட்டும்.

இவள் வெள்ளைக்கல் தோட்டத்துக் கொழுந்துக்காரி. வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் காய்ச்சலில் கிடந்த குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு மலைக்குத் திரும்பக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. மேற்பார்வை பார்க்கிற தோட்டத்துக் கண்டாக்கையா வந்தார். வாயால் கேட்டாரா? இல்லை, காலால் கேட்டார்! கூடையை உதைத்தார். கிள்ளிய கொழுந்தெல்லாம் தண்ணீர் ஓடும் கானுக்குள் கொட்டிப்போனது. அப்போது இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "கூடையில ஏன்யா கால வைக்கிறீங்க? அது எங்க சோறுங்க!" அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு பேச்சுக்கு இவள் பெயர் வெட்டப்பட்டது. பத்துச்சீட்டுக் கொடுத்து வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. வருகிற சனிக்கிழமைக்குள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவையும் காலி செய்ய வேண்டுமாம்.

காலி செய்துவிட்டு எங்கே போவாள்? சொல்லுங்கள், எங்கே போவாள்? நாற்பத்தெட்டில் சட்டம் போட்டு உங்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். அடுத்த வருடம் வாக்கையும் பிடுங்கினார்கள். இந்தியாவுக்குப் போ என்றால் இவள் இந்தியாவில் எந்தத் தெருவைக் கண்டாள்? இவள் பிறந்தது அந்தக் காம்பராவில். பிள்ளை பெற்றதும் அந்தக் காம்பராவில். நாட்டையும் பிடுங்கி, வாக்கையும் பிடுங்கி, வேலையையும் பிடுங்கி, கடைசியில் அந்த ஒற்றைக் காம்பராவையும் பிடுங்கினால் பிள்ளைகளோடு றோட்டில்தான் நிற்பாள்.

சங்கம் இருக்கிறதே, கேட்கக்கூடாதா என்பீர்கள். அதில்தான் வந்தது வில்லங்கம்! வீரம்மா மஞ்சள் சங்கம். இவள் புருஷன் சிவப்புச் சங்கம். மஞ்சள் சங்கம் சொல்கிறது, பேசித் தீர்ப்போம், வேலைநிறுத்தம் வேண்டாம். சிவப்புச் சங்கம் சொல்கிறது, வேலையை நிறுத்துவோம், பேச்சு வேண்டாம். தோட்டத்துப் பெரிய துரையிடம் போய்க் கேட்டதற்கு அவர் என்ன சொன்னாராம்? "ரெண்டு சங்கமும் ஒண்ணா வந்தா நான் பேசுறது" என்றாராம். என்ன நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள்! இந்த இரண்டு பேரும் ஒன்றாய் வரமாட்டார்கள் என்று அந்த வெள்ளைக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

ஏன் வரமாட்டார்கள்? அதைச் சொல்லத்தான் என்னை மேடை ஏற்றினார் அம்மாக்கண்ணு அக்கா. ஏனென்றால் இந்த இருவரும் நானும் ஒரு காலத்தில் ஒரே பாட்டு செட்.

ஆமாம் மக்களே! நாற்பத்தெட்டாம் ஆண்டு, மாசி மாதம். காமன் கூத்துக்கு லாவணி பாட நாங்கள் சேர்ந்தோம். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தாரே, காமன் எரிந்தானா எரியவில்லையா என்று இரண்டு கட்சி பிரிந்து பாட்டாலே வாதாடுவதுதான் லாவணி. எரிந்த கட்சிக்கு அழகுமுத்து. எரியாத கட்சிக்குச் செல்லசாமி, கையில் தப்புப் பறை வேறு. நான் ஆர்மோனியம். "காமன் எரிஞ்சா உனக்கென்ன, எரியாட்டி உனக்கென்ன?" என்று பள்ளிவாசல் பக்கத்தில் என்னைக் கேட்டார்கள். "நான் எந்தக் கட்சியும் இல்லீங்க, பெட்டிக் கட்சி" என்று சொல்லிவிட்டு வாசித்தேன்.

அழகுமுத்து பாடுவான், "கண்ணு திறந்தாரு காமன் சாம்பல்!" என்று. செல்லசாமி விடுவானா? தப்பை ஒரு தட்டுத் தட்டி, "எரிச்ச சாம்பல் எங்கேடா, எடுத்துக் காட்டு பார்ப்போம்!" என்று திருப்பியடிப்பான். எட்டத்து டயகமத்திலிருந்தெல்லாம் ஆள் வரும். கேட்பவன் வாயில் வெற்றிலை மெல்ல மறந்துபோகும்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். பெரிய செட்டுகளில் ஒவ்வொரு கட்சிக்கும் பின்பாட்டுக்கு நாலு பேர் இருப்பார்கள். எங்களுக்கு ஏது ஆள்? அதனால் எங்கள் செட்டில் ஒரு வழக்கம் வைத்தோம். எரிந்த கட்சி பாடும்போது, எரியாத கட்சிக்காரன்தான் பின்பாட்டுப் பாடவேண்டும்! எரியாத கட்சி பாடும்போது, எரிந்த கட்சிக்காரன்தான் குரல் கொடுக்கவேண்டும்! தன்னை அடித்து நொறுக்குகிற பாட்டுக்குத் தானே தொண்டையைத் திறந்து துணை போகவேண்டும். பாடி முடித்ததும் தன் முறை வரும், அப்போது பிய்த்து உதறலாம். அதுவரை குரல் குறைக்கக்கூடாது. குறைத்தால் மறுநாள் சாப்பாடு கிடையாது என்று காளியாயி, செல்லசாமியைப் பெற்றவள், சட்டம் போட்டிருந்தாள்.

அந்தக் குரல்கள் எப்போது பிரிந்தன? ஐம்பத்திரண்டில், பிடுங்கிய உரிமையைக் கேட்டுச் சத்தியாக்கிரகம் வந்தது. அழகுமுத்து போய் உட்கார்ந்தான். "உக்காந்து கேட்டா குடுப்பானாடா?" என்று செல்லசாமி எழுந்தான். அரசியல் அங்கே பிரிந்தது. அரசியல் பிரிந்தால் பாட்டு நிற்குமா? அதுவும் கூடவே நடந்துவிட்டது. அழகுமுத்து சுருதிப்பெட்டி வாங்கினான், பாகவதரிடம் கீர்த்தனை படித்தான், ஹட்டனுக்கு வரும் தலைவர்களுக்கு வரவேற்புப் பாடல் பாடினான். செல்லசாமியோ ராகத்தையே விட்டொழித்தான். "ராகம் முதலாளிக்கு, தாளம் தொழிலாளிக்கு!" என்றான். அப்போ ஆர்மோனியம் வாசிக்கிற நான் யாருக்குடா என்று கேட்டேன். தப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்! செல்லசாமி அவர்களே, மேடையிலாவது சொல்லுவீர்களா? மாட்டார். சரி.

அதன் பிறகுதான் வந்தது ஐம்பத்தொன்பது. லயத்துப் பீலியில் தண்ணீர் வரவில்லை. பெண்கள் குடத்தோடு ஆற்றுக்கு நடந்தார்கள். சிவப்புச் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. விடியற்காலையில் ஊரைத் திரட்டச் செல்லசாமி தன் கையாலேயே தப்பு அடித்தான். எந்த அடி? பழைய அடியா? சாமி அடியா, சாவு அடியா, பெரட்டு அடியா? எதுவும் இல்லை. தானே கட்டிய புத்தம் புது அடி, போராட்ட அடி!

அடடா, என்ன அடி! ஆனால் அந்தப் புது அடி ஊரில் யாருக்குத் தெரியும்? தலைமுறை தலைமுறையாய் விடியக்காலம் தப்புச் சத்தம் கேட்டால் இந்த மக்களுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும், பெரட்டுக்குக் கூப்பிடுகிறார்கள், பேர் கொடுக்கப் போகவேண்டும். எழுந்தார்கள், கொங்காணியைப் போர்த்தினார்கள், கூடையைத் தூக்கினார்கள், மஞ்சள், சிவப்பு இரண்டு சங்கத்து ஆட்களும் வரிசையாய்ப் பெரட்டுக் களத்தில் போய் நின்றார்கள்! செல்லசாமி தப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறான். "ஐயோ, திரும்புங்க! இது பெரட்டுத் தப்பு இல்லீங்க, போராட்டத் தப்பு!" அதற்குள் கணக்கப்பிள்ளை பேர் பதிந்துவிட்டார். வேலைநிறுத்தத்தை வேலைநிறுத்தத் தப்பே உடைத்தது!

என்ன அங்கே? "நானும் போனேன் நானா" என்கிறாரா? உங்களை யார் ஐயா குற்றம் சொன்னது! கூப்பிட்டார்கள், போனீர்கள். உட்காருங்கள்.

அன்றோடு பேச்சு நின்றது. கருங்காலி என்று செல்லசாமி அழகுமுத்துவைச் சொன்னார். கோமாளி என்று அழகுமுத்து செல்லசாமியைச் சொன்னார். பீலித் தண்ணீர்? அது வர இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. குடம் சுமந்தது யார்? சங்கத் தலைவர்களா? இந்தத் தாய்மார்கள்!

போன வாரம் அம்மாக்கண்ணு அக்கா என் கடைக்கு வந்தார். "நானா, உங்க கூட்டாளிக ரெண்டு பேருகிட்டயும் போய் என்னான்னு கேளுங்க. அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டுக் கெடக்கு" என்றார். போனேன். முதலில் செல்லசாமி. "ஏன்டா, ஊரே தெரியாமல் போனதற்கு அவன்மேல் என்ன கோபம்?" என்று கேட்டேன். சொன்னான்: "ஊருக்குத் தெரியாம இருக்கலாம் நானா. அவனுக்கு என் கை தெரியாதா? கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாலும் நான் அடிக்கிறது அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் அவன் ஆளுகள நிறுத்தல நானா."

அப்படியே அடுத்த லயத்துக்கு நடந்து அழகுமுத்துவிடம் போனேன். "கை தெரிந்ததா?" என்று கேட்டேன். "தெரிஞ்சுச்சு நானா. முதல் அடியிலேயே தெரிஞ்சுச்சு. ஆனா மொத நாளு எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே. அடுத்த லயத்துலதானே இருக்கேன்? வந்து, மச்சான் நாளைக்கு நிறுத்துறோம்டான்னு ஒரு வார்த்த சொன்னா வாயி வெந்தா போயிரும்? சொல்லாத எடத்துக்கு நான் எப்புடி நானா வர்றது?" என்றான். அவன் கண் கலங்கியது. எனக்கும்தான் கலங்கியது, மறைப்பானேன்!

கேட்டீர்களா மக்களே? கொள்கைச் சண்டை என்றார்கள். கோட்பாட்டுச் சண்டை என்றார்கள். ஒருவன் சொல்லவில்லை, இன்னொருவன் வரவில்லை! இதற்குப் பெயர் கொள்கையா? இதற்காக இந்தக் கைக்குழந்தைக்காரி வீதியில் நிற்க வேண்டுமா?

நான் இவர்களை ஒன்றாகுங்கள் என்று கெஞ்ச வரவில்லை. கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வரவில்லை. எதிர்க்கட்சியாகவே இருங்கள்! அழகுமுத்து அவர்களே, உங்கள் வழி பேச்சு என்றால் பேசுங்கள்! செல்லசாமி அவர்களே, உங்கள் வழி போராட்டம் என்றால் போராடுங்கள்! அவன் பாடுகிற ராகம் உனக்குப் பிடிக்கவேண்டாம்! நீ அடிக்கிற தாளம் அவனுக்குப் பிடிக்கவேண்டாம்! ஆனால் எதிராளி பாடும்போது பின்பாட்டை நிறுத்துகிற உரிமையை உங்கள் இருவருக்கும் யார் கொடுத்தது? கூலிக்காரன் வயிற்றைப் பந்தயம் வைத்துக் குரலைக் குறைக்கிற அதிகாரத்தை யார் கொடுத்தது?

பேச்சுக்குப் பலம் எது? வெளியே நிற்கிற வேலை! நிற்கிற வேலைக்குப் பயன் எது? உள்ளே நடக்கிற பேச்சு! நிறுத்தாமல் பேசினால் துரை தேத்தண்ணி கொடுத்து அனுப்புவார். பேசாமல் நிறுத்தினால் போலீசைக் கொடுத்து அனுப்புவார். இரண்டும் சேர்ந்து போனால்தான் வீரம்மாவின் பெயர் மறுபடி பெரட்டில் ஏறும்.

ஆகவே மாதர் குழு ஒரு தீர்மானம் கொண்டுவந்திருக்கிறது. நாளைக் காலையில் வெள்ளைக்கல் தோட்டத்தில் ஒரு கூடையும் மலை ஏறாது. அழகுமுத்துவும் செல்லசாமியும் ஒன்றாக ஆபீசுக்குப் போவார்கள். பத்துச்சீட்டைத் துரை திரும்ப வாங்காமல் ஒருவர் மட்டும் வெளியே வரக்கூடாது. ஊருக்குச் செய்தியை யார் சொல்வது? தப்பு சொல்லாது! இன்றிரவே காம்பரா காம்பராவாய்ப் போய் வாயால் சொல்லுங்கள். மஞ்சள் வீட்டுக்காரர் சிவப்பு வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். சிவப்பு வீட்டுக்காரர் மஞ்சள் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள்!

சம்மதமானவர்கள் கையைத் தூக்குங்கள். அப்படி! தூக்குங்கள்! குழந்தையை வைத்திருக்கிற தாய்மார்கள் ஒரு கையைத் தூக்கினால் போதும்.

யார் அது? "மேல இருக்கிறவங்க தூக்கலையே நானா" என்கிறார் ஒருவர். நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். என்ன? செல்லசாமி தூக்கிவிட்டாரா? அல்ஹம்துலில்லாஹ்! மற்றவர்? சத்தமாகச் சொல்லுங்கள், காதில் விழவில்லை. அவரும் தூக்கிவிட்டாரா! ஒருவரையொருவர் பார்க்கிறார்களா? இல்லையா? பார்க்கவேண்டாம்! தாராளமாக முறைத்துக்கொள்ளட்டும்! கை இரண்டும் மேலே இருக்கிறதா இல்லையா, எனக்கு அது போதும்.

வீரம்மா, நீ சொல்லம்மா. உன் வாயால் சொல். சனிக்கிழமை நீ எங்கே இருப்பாய்?

கேட்டதா மக்களே? மைக் இல்லாமலே கேட்டதா? "என் காம்பராவுலதான் நானா இருப்பேன். சோறாக்கிக்கிட்டு இருப்பேன்!" என்கிறாள். அவ்வளவுதான் நம் அரசியல்! அந்தச் சோறு வேகும்வரை நாம் ஓயமாட்டோம்!

பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும், போராடத் துணிந்த தாய்மார்களுக்கும், தையல்காரனை நம்பி மைக்கைக் கொடுத்த தலைவர் அக்காவுக்கும் என் உள்ளம் நிறைந்த நன்றி. இருட்டுகிறது, பாதை வழுக்கும், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு பத்திரமாய்ப் போய் எல்லார் கதவையும் தட்டுங்கள். வணக்கம், வருகிறேன்!