இலேசான வலை

கொசுவலை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஓட்டையை. நான் கல்யாண உடைகள் தைக்கும் கடையில் வேலை செய்கிறேன். மணப்பெண்ணின் முகத்தை மூடும் வலைத்துணி நாள் முழுக்க என் கையில் புரளும். அதனால் வலை என்று பேச்செடுத்தால் கொஞ்சம் நீட்டி முழக்குவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு வெட்டவெளியில் தங்குவதில் பைத்தியம். வாரம் முழுவதும் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் சிரித்தபடி உட்கார்ந்திருப்பாள். சனிக்கிழமை விடிந்தால் பையை மாட்டிக்கொண்டு ஆற்றோரம் போய்விடுவாள். கடைக் கூடாரம் கனக்கிறது என்று என்னையே தைக்கச் சொன்னாள். மேலே ஒரு மெல்லிய தார்ப்பாய், உள்ளே வலையால் ஒரு சின்ன அறை, அவ்வளவுதான். எடை விஷயத்தில் அவள் விடாப்பிடி. பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடியையே பாதியாக நறுக்கியவள். "உங்களையும் கூட்டிட்டுப் போலாம்தான், ஆனா எடை ஜாஸ்தியாயிடும்" என்பாள். நானும் சிரிப்பேன்.

முதலில் தைத்துக் கொடுத்தது மிக நெருக்கமான வலை. அதன் மேல் கசகசாவைக் கொட்டினால் ஒரு மணிகூடக் கீழே விழாது. பல வருடங்கள் அதற்குள்தான் படுத்தாள். காற்றே வரவில்லை, புழுங்குகிறது என்று குறைபட்டுக்கொண்டாலும், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒருநாள் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"அடுத்த வருஷம் வேலைய விட்டுட்டு ஆறு மாசம் நடக்கலாம்னு இருக்கேங்க."

"அப்ப நான்?"

"நீங்க இங்கதான் இருப்பீங்க. எங்க போயிடப் போறீங்க?"

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவளுக்கு அது இயல்பான பதில். சனி ஞாயிறுகளில் தனியாகச் சாப்பிட்டுத் தனியாகத் தட்டைக் கழுவியே நான் களைத்திருந்தேன். ஆறு மாதத்துக்கு என்னிடம் தெம்பில்லை.

நீண்ட நடைக்குப் பழைய வலை கனம் என்று அவளே புதிது கேட்டாள். கடையில் மிஞ்சிய மணப்பெண் வலையைக் கொண்டுவந்து சமையல் தராசில் வைத்துக் காட்டினேன். முள் அசையக்கூட இல்லை. அவள் அதை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள்.

"காத்து நல்லா வருதே. பூச்சி வராதுல்ல?"

"கொசு வராது" என்றேன்.

அது உண்மை. கொசு வராது. ஆனால் அந்த ஆற்றங்கரையில் மணல் ஈ உண்டு. கொசுவைவிட மிகச் சிறியது. நான் ஒரே ஒருமுறை அவளுடன் போனபோது, அது கடித்தால் நீண்ட காய்ச்சல் வரும் என்று அங்கே எழுதி வைத்திருந்த பலகையைப் படித்தேன். அவள் படிக்கவில்லை; எப்போதும் முன்னால் போய்விடுவாள். மணப்பெண் வலையில் கசகசாவைக் கொட்டினால் அத்தனையும் தரையில் கிடக்கும். கொட்டிப் பார்த்த பிறகுதான் தைத்தேன். ஒரு சின்னக் காய்ச்சல் வந்தால் போதும், அலைச்சல் அலுத்துவிடும் என்று நினைத்தேன்.

சில சனிக்கிழமைகள் ஆற்றோரம் புது வலைக்குள் படுத்துவிட்டு வந்தவள், உடம்பில் அங்கங்கே அரிக்கிறது, ஏதோ செடி உரசியிருக்கும் என்றாள். நான் களிம்பு தடவிவிட்டேன். சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. கன்னம் ஒட்டி, வயிறு மட்டும் வீங்கியது. டாக்டர் பொறுமையானவர், எல்லாவற்றையும் கேட்டார்.

"வெளியில தங்கினப்ப பூச்சி ஏதாவது கடிச்சுதாம்மா?"

"வாய்ப்பே இல்ல டாக்டர். வலைக்குள்ளதான் படுப்பேன். இவரே தைச்சுக் குடுத்தது."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நெருக்கமான வலைதானே?"

"கல்யாணப் பொண்ணுக்குத் தைக்கிற கை டாக்டர்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு வேறு நோய்களைத் தேடப் போனார்.

அதன் பிறகு அவள் வீட்டிலேயே இருந்தாள். வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்தேன், தலை துவட்டிவிட்டேன், கைத்தாங்கலாகச் சன்னல் வரை நடக்க வைத்தேன். எனக்கு இடுப்பு விட்டுப்போகும். ஆனாலும் கடையிலிருந்து திரும்பும்போது வீட்டில் விளக்கு எரிந்தது. சனிக்கிழமையும் எரிந்தது. "உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா" என்று ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் இருந்ததில்லை. கடைசியில், மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான், ரத்தத்தில் நோயைக் கண்டுபிடித்தார்கள். மருந்து ஏற்றினார்கள். உடம்பு ஏற்கவில்லை.

மச்சினி என் தோளில் சாய்ந்து அழுதாள். "அக்காவக் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கிட்டீங்க மாமா" என்றாள். இன்று காலை மறுபடி வந்தாள். அக்கா போக ஆசைப்பட்ட வழியில் தான் நடக்கப் போகிறாளாம். தனக்கும் அதே மாதிரி இலேசாக ஒன்று தைத்துத் தரச் சொன்னாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டு நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்துவிட்டேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது.

டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். அன்றே சொல்லியிருந்தால் மருந்து கொடுத்திருப்பார், அவளுக்குக் குணமாகியிருக்கும். அது எனக்குத் தெரியும். குணமானால் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாள். அவளை இழக்க எனக்கு மனம் வரவில்லை.