என் பெயர் சொல்லித் தட்டியவள்

இந்த வயதிலும் எனக்குக் காது நன்றாகக் கேட்கும், சாமி. இந்தக் கோடையிலிருந்து பங்கில் சிலர் எனக்குக் காது மந்தம் என்று இரக்கப்படுகிறார்கள். அது தப்பு. பாவசங்கீர்த்தனத்தில் பொய் கலக்கக்கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் வீடு அரியலூர் கடைத்தெருவிலிருந்து பிரியும் சந்தின் கடைசியில் இருக்கிறது. அதற்கப்பால் பெரிய சுவர், வழி கிடையாது. வாத்தியார் தேவசகாயம் என்னைக் கட்டிக் கூட்டிவந்த வீடு. அவர் இருந்தவரை நான் வாத்தியாரம்மா. அவர் போனபின் கடைசி வூட்டம்மா. பிள்ளை குட்டி இல்லாத ஒண்டிக்கட்டை வீட்டை ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்காது. சில நாள் நான் பேசியதெல்லாம் கோழியோடுதான். அதுவும் இரை போட்டால்தான் நிற்கும்.

என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஊரில் ஒரே ஒருத்தி இருந்தாள். ரயிலடியில் மூட்டை தூக்கும் சவரியாரின் பெண்சாதி மரிய புஷ்பம். அவளும் என்னைப் போல வரதராசன்பேட்டைக்காரி. மத்தியானம் வந்து உட்கார்ந்தால் மதலேனக்கா, மதலேனக்கா என்று வாய் ஓயாது.

யுத்தம் முடிந்தும் விலைவாசி இறங்கவில்லை. அரிசி யானை விலை குதிரை விலை விற்றது. ரேஷன் கடையில் விடிகாலை போய் நின்றால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்ப முடியும், அதுவும் பாதி நாள் வெறுங்கையோடு. புஷ்பம் என் வீட்டுக்கு வருவது நின்றுபோனது. என்னிடம் நெல் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. திருமானூர் நிலத்து நெல், குதிர் நிறைய. அவளே வந்து கேட்கட்டும் என்றிருந்தேன். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அவளுக்கு ரோஷம் மட்டும் பறக்கவில்லை.

இந்தக் கோடையில் ஒரு நாள் பெண்கள் எல்லோரும் வெறும் முறத்தைத் தட்டிக்கொண்டு ரேஷன் ஆபீசுக்குப் போனார்கள். புஷ்பம்தான் முன்னால் போனாள். சந்து முனையைத் தாண்டும்போது என் வீட்டுப் பக்கம் ஒரு பார்வையாவது பார்ப்பாள் என்று ஜன்னலில் நின்றேன். பார்க்கவில்லை. எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

திருச்சியிலிருந்து லாரியில் போலீஸ் வந்து இறங்கியிருந்தது. முதலில் முறச் சத்தம் கேட்டது, பிறகு விசில், பிறகு அலறல். தடியடி என்று பத்திரிகையில் ஒரே வார்த்தையில் எழுதிவிடுகிறார்கள். சந்து முனையில் ஒரு கிழவி விழுந்த பிறகும் அவளை அடித்துக்கொண்டிருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வயிற்றுக்குக் கேட்க வந்தவர்களை அப்படி அடிப்பது அநியாயம். பெண்கள் திசைக்கொருத்தியாக ஓடினார்கள். புஷ்பம் எங்கள் சந்துக்குள் ஓடிவந்தாள். முட்டுச்சந்து என்பது அவளுக்குத் தெரியும். என்னை நம்பித்தான் வந்தாள்.

"மதலேனக்கா, நாந்தான் புஷ்பம். கதவத் தொறங்கக்கா."

தாழ்ப்பாள் இறுகிவிட்டது என்று பிற்பாடு சவரியாரிடம் சொன்னேன். பாவம், கிழவிக்குக் காது கேட்டிருக்காது என்று ஊர் பேசிக்கொண்டது. இரண்டும் இல்லை. தாழ்ப்பாளுக்கு அந்த வாரம்தான் எண்ணெய் விட்டிருந்தேன். என் கை அதன்மேல்தான் இருந்தது.

என் பேரை இன்னொருவர் வாயால் கேட்டு எத்தனை மாதமாயிற்று, சாமி. கொஞ்சம் கேட்டுக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான்.

"என் மதலேனக்கா இல்ல, தொறங்கக்கா" என்றாள்.

என்னைப் பெற்றவள்கூட அப்படிக் கொஞ்சிக் கூப்பிட்டதில்லை. பூட்ஸ் சத்தம் சந்துக்குள் வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடட்டும், திறந்துவிடலாம் என்றிருந்தேன். அதற்கப்புறம் அவள் என் பேரைச் சொல்லவில்லை. அம்மா என்றுதான் கத்தினாள். அது யார் வேண்டுமானாலும் கத்துவது.

போலீஸ்காரர்கள் போன பிறகு கதவைத் திறந்து அவளை உள்ளே இழுத்துவந்து கிடத்தினேன். தலையை மடியில் வைத்து ரத்தத்தைத் துடைத்தேன். டாக்டர் வீடு கூப்பிடு தூரம். ஓடிப் போயிருக்கலாம். பொழுது சாயும்வரை அவளுக்கு உயிர் இருந்தது. ஆனால் அவள் வராத நாட்களில் நான் சேர்த்து வைத்திருந்த பேச்சு எவ்வளவோ இருந்தது. எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் கண் திறந்துதான் இருந்தது.

இப்போதெல்லாம் என் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அடிபட்டுக் கிடந்தவளை மடியில் ஏந்திய மதலேனம்மாள் என்று உடையார்பாளையத்திலிருந்துகூட வந்து பார்த்துப் போகிறார்கள். சவரியார் என் காலில் விழுந்தார். "நீங்க இல்லாட்டி அவ தெருவுலயே அநாதையா போயிருப்பா" என்று அழுதார். நானும் அழுதேன். அவர்களுடைய பெண்குழந்தை என்னிடம்தான் வளர்கிறது. பெரியம்மா என்கிறது.

என்னைக் கல்நெஞ்சக்காரி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு வேறு யார் வந்து தட்டியிருந்தாலும் உடனே திறந்திருப்பேன், சாமி. புஷ்பத்தின்மேல்தான் எனக்கு அவ்வளவு பிரியம்.