பதினான்காவது வரி

எனக்கு மீட்டிங் என்றாலே ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரியும். பத்து நிமிடத்தில் முடிகிற விஷயத்தை இரண்டு மணி நேரம் இழுப்பார்கள். கடைசியில் எல்லா வேலையும் என் தலையில்தான் வந்து விடியும்.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை என்னுடையது. வார்டில் யாருக்காவது தொற்று வந்தால், அந்தக் கிருமியின் மரபணுவை மெஷின் படித்துக் கொடுக்கும். இருபத்தெட்டு லட்சம் எழுத்துகள். அதை மற்றவர்களிடம் எடுத்த கிருமியோடு ஒப்பிடுவேன். நூறு எழுத்து வேறுபட்டால் சம்பந்தமில்லாதது. இரண்டு மூன்று என்றால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனது. யாரிடமிருந்து தொடங்கியது என்று கம்ப்யூட்டர் மரம் போல வரைந்து காட்டிவிடும்; தொடங்கிய ஆள் மரத்தின் அடியில் இருப்பார். பதினோரு வருடமாக இதே வேலை. அலுத்துவிட்டது சார், பொய் சொல்லவில்லை.

என் அக்கா அதே மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை வார்டின் தலைமை நர்ஸ். அம்மா போனபின் என்னை வளர்த்து ஆளாக்கியவள். இப்போதும் நான் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். கல்யாணம், தனிக்குடித்தனம் எதற்கும் எனக்குத் தெம்பு இருந்ததில்லை.

அந்த வார்டில் ஒரே மாதத்தில் மூன்று குழந்தைகளின் ரத்தத்தில் கிருமி ஏறியது. இரண்டு இறந்தன. இந்தக் கிருமி பெரியவர்கள் மூக்கில் சும்மா குடியிருக்கும், அவர்களை ஒன்றும் செய்யாது. அதனால் வார்டுக்குள் கால் வைக்கிற அத்தனை பேர் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுக்கச் சொன்னார் டாக்டர். இருபத்தொரு பேர். தொட்டில்களில் மாதிரி எடுக்கத் திங்கட்கிழமைதோறும் நானும் உள்ளே போகிறவன். விதி என்றால் விதி, என்னுடையதையும் சேர்த்தேன்.

பட்டியலில் பதினான்காவது வரி நான். மரத்தின் அடியில் நின்றதும் அந்த வரிதான்.

மாஸ்க் போட்டால் என் கண்ணாடியில் ஆவி படியும். மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொள்வேன். எல்லோரும் செய்வதுதான்.

சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பதினோரு வருட ரிப்போர்ட்டையும் தோண்டுவார்கள். தினமும் மீட்டிங். நினைக்கவே அசதியாக இருந்தது. அந்த வரியை அழித்துவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி ஓடவிட்டேன். அடி தெரியாத மரமாக வரும், யாரென்று தெரியவில்லை என்று எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரே வீட்டில் இருக்கிறோம் அல்லவா, என்னிடமிருந்து அக்காவுக்கும் போயிருந்தது. என்னை எடுத்ததும் என் இடத்தில் அவள் வந்து நின்றாள். நான் அவளை மாட்டிவிடவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் வரியில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை.

ரிப்போர்ட் கொடுத்த அன்று சாயங்காலம் அக்கா சமையலறையில் என்னை மடக்கினாள்.

"நல்லா பாத்தியாடா தம்பி? ஒவ்வொரு தடவையும் கை கழுவிட்டுத்தான்டா பிள்ளைங்களைத் தொட்டேன்."

"ரெண்டு தடவை பாத்தேன்க்கா."

"அப்ப நான்தானா?"

"கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லுதுக்கா."

அது உண்மை. இரண்டு தடவை பார்த்தேன்.

அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இறந்த குழந்தைகளின் வீடுகளுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. மூக்கில் தடவக் களிம்பு கொடுத்தார்கள், ஐந்தே நாளில் அவளிடமிருந்து கிருமி போய்விட்டது. மீதிக் களிம்பு குளியலறைத் தட்டில் கிடந்தது. தினமும் பல் தேய்க்கும்போது அதைப் பார்ப்பேன்.

நீங்கள் கேட்பது நியாயம். யாருக்கும் சொல்லாமல் நானும் தடவியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் தடவினால், அந்த வரி நான்தான் என்று எனக்கு நானே சொன்னதாகிவிடும். அழித்தது அழித்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்காவை நிறுத்திய மூன்றாம் வாரம் நான்காவதாக ஒரு குழந்தைக்கு வந்தது. பிழைக்கவில்லை. ஐந்தாவதும் பிழைக்கவில்லை. அவள் விட்டுப்போன கிருமி தொட்டில்களில் ஒட்டியிருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். நம்பினார்கள். திங்கட்கிழமை தவறாமல் நான் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தேன். இப்போது மெஷினுக்குள் கிடந்த என் மாதிரியின் பழைய பதிவை உங்கள் விசாரணை ஆட்கள் எடுத்துவிட்டார்கள். மறுக்கவும் எனக்குத் தெம்பில்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்தது. நேற்று வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள்.

"தூக்கும்மா, உன் பேத்திதானே" என்றாள் மகள்.

அக்கா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரமே நின்றாள். "வேண்டாம்டி. என் கை ஆகாது."

குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. யாராவது தூக்கத்தானே வேண்டும்? நான் வாங்கி நெஞ்சோடு அணைத்து, முகத்தோடு முகம் வைத்து, அது தூங்கும்வரை முத்தமிட்டுக்கொண்டே இருந்தேன். பாசமில்லாதவன் என்று மட்டும் என்னைப் பற்றி எழுதிவிடாதீர்கள்.